தோட்டு மூலையில் கிடந்த புதையல்

1879. ஃபெர்னாண்டோ போ தீவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய கொல்லர் டெட்டே குவார்ஷி, தங்கம் எதுவும் கொண்டுவரவில்லை. கொக்கோ விதைகள்தான். மாம்பாங்கில் ஊன்றினார். (பாசல் மிஷன் பாதிரிமார்கள் முன்பே முயன்று பார்த்தார்கள். ஆனால் பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் குவார்ஷி!) அந்த 'கோல்ட் கோஸ்ட்', அதாவது இன்றைய கானா, 1911-லேயே கொக்கோ உற்பத்தியில் உலகின் முதலிடத்தைப் பிடித்துவிட்டது.

என்ன உரம் போட்டார்கள் என்கிறீர்களா? காடுதான் உரம். காலங்காலமாக இலைச்சருகு மக்கிய மண். காட்டை வெட்டு, கொக்கோ நடு, மண் களைத்தால் அடுத்த காட்டுக்கு நட!

கொக்கோ காய் பப்பாளி மாதிரி மரத்தண்டிலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும். உள்ளே இருக்கும் முப்பது, நாற்பது விதைகள்தான் சாக்லேட் ஆகின்றன. காயின் எடையில் சுமார் முக்கால் பங்கு வெறும் தோடு! மரம் மண்ணிலிருந்து உறிஞ்சிய சாம்பல்சத்து அதில் ஏராளம். கொஞ்சத்தை எரித்து, அந்தச் சாம்பலோடு பாமாயில் சேர்த்துக் கறுப்பு சோப்பு காய்ச்சினார்கள். மிச்சம் தோட்டத்து மூலையில் அழுகியது. சும்மா அழுகவில்லை... காயைக் கறுக்கவைக்கும் நோய்க்கிருமிக்கு அதுவே குடித்தனம்.

1936-ல் வேறொரு இடி. கிளைகளை வீங்கவைத்து மரத்தைச் சாகடிக்கும் நோய் ஒன்று தலைகாட்டியது. வைரஸ். மருந்து கிடையாது. மரத்தை வெட்டியே தீரவேண்டும் என்றது பிரிட்டிஷ் அரசு. காய்த்துக் குலுங்குகிற மரத்தை யாராவது வெட்டவிடுவார்களா? கொதித்தார்கள் விவசாயிகள். 1948 பிப்ரவரியில் அக்ராவில் கலவரம் வெடித்தது. முன்னாள் ராணுவத்தினரின் ஊர்வலத்தில் நடந்த துப்பாக்கிச்சூடுதான் பற்றவைத்தது என்றாலும், விசாரிக்க வந்த வாட்சன் கமிஷன், மக்களின் கோபத்துக்கான காரணங்களில் இந்த மரவெட்டையும் சேர்த்தே எழுதியது.

1957-ல் சுதந்திரம் வந்தது. வைரஸ் போகவில்லை. இன்றும் நோய் கண்ட தோட்டங்களை வெட்டிவிட்டு மறுபடி நடுகிறார்கள். கொக்கோ விதையை நெல் மாதிரி காயவைத்துக் குதிரில் போட முடியாது, செத்துவிடும். உடனே பாலித்தீன் பையில் ஊன்றி, நிழலில் ஐந்தாறு மாதம் நாற்றாக வளர்க்க வேண்டும். பையை நிரப்ப, காட்டின் மேல்மண் வேண்டும். அந்தக் காட்டைத்தான் ஏற்கெனவே தின்று தீர்த்தாயிற்றே!

இங்கேதான் மூலையில் கிடந்த தோட்டுக்கு மவுசு வந்தது. கானா, நைஜீரிய ஆராய்ச்சியாளர்கள் அதை நாற்றுக்கு உரமாக்கிப் பார்த்தார்கள். பச்சையாகப் போட்டால் வினை. தோட்டை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள், நாற்றுக்குப் போகவேண்டிய தழைச்சத்தைச் சாப்பிட்டுவிடும். ஆகவே பொடியாக நறுக்கி, தழைச்சத்து மிகுந்த கோழி எருவோடு அடுக்கி, தண்ணீர் தெளித்து, அவ்வப்போது கிளறி, சில மாதங்கள் மக்கவிட வேண்டும். குவியலுக்குள் கைவைக்க முடியாத சூடு! நோய்க்கிருமி அதிலேயே காலி. சூடு தணிந்தால், மண்வாசனையோடு கறுத்த எரு. அதையும் அள்ளிக் கொட்டிவிடக் கூடாது. அளவு மீறினால் உப்பு ஏறி, இளம் நாற்றின் இலையோரம் கருகிவிடும்.

சரி, எல்லோருமே செய்யலாமே? சிக்கல் சுமையில் இருக்கிறது. காயை உடைப்பது தோட்டத்து நடுவில். நாற்றங்காலோ தண்ணீர் கிடைக்கிற இடத்தில். விதையைத் தலைச்சுமையாகக் கொண்டுவருவதே பெரும்பாடு. அதைப்போல மூன்று மடங்கு கனக்கும் ஈரத்தோட்டை யார் சுமப்பது? அதனால் பல தோட்டங்களில் அது இன்னமும் உடைத்த இடத்திலேயே கிடக்கிறது.