விற்கிற வீட்டுக்கு வெள்ளை

எங்கள் குடும்பம் சுண்ணாம்பு அடிக்கிற குடும்பம். அப்பா நார் மட்டை பிடித்தார், நான் பிரஷ்ஷும் ரோலரும் பிடித்தேன். திருப்பூரில் காதர்பேட்டையிலும் ராயபுரத்துப் பக்கமும் ஒரு வீடு விலைக்கு வருகிறதென்றால் புரோக்கருக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும். "பார்ட்டி வர்றாங்க, ஒரு வாரத்துல முடிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியை வைத்துவிட்டுப் போவார்கள். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குள்ளே அப்படி முதலில் நுழைகிறவர்கள் நாங்கள். இந்தப் பேட்டையின் வரலாற்றைப் பஞ்சு, நூல், ஏற்றுமதி என்று பலர் எழுதிவிட்டார்கள். விற்பதற்கு முன் ஒரு வீட்டை இந்த ஊர் எப்படித் தயார் செய்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

1925-ல் குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங்தான் திருப்பூரின் முதல் பனியன் கம்பெனி என்று தொழில் வரலாற்றில் சொல்வார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்ததால் நூல் வந்து இறங்கவும் பனியன் கட்டுப் போகவும் வாகாக இருந்தது காதர்பேட்டை. ஆனாலும் அதற்குப் பிறகு வெகு காலம் இங்கே பாதி வீதி குடியிருப்புத்தான். வீதியை ஒட்டித் திண்ணை, உள்ளே ஆசாரம் என்கிற கூடம், அதை அடுத்து உள்வீடு, சமையல்கட்டு, பின்னால் பொடக்காலி, அங்கே ஒரு கிணறு. செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் வைத்துக் கட்டிய சுவர், மேலே ஓடு.

அந்த வீடுகளை விற்பதற்குத் தயார் செய்வதென்றால் வேலை மூன்றுதான்: உடைந்த ஓட்டை மாற்றுவது, கிணற்றைத் தூர் வாருவது, வெள்ளையடிப்பது. கல்யாண வீட்டுக்கு மஞ்சளோ பச்சையோ கலக்கலாம், விற்கிற வீட்டுக்கு வெள்ளையைத் தவிர வேறெதுவும் கலக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. வெள்ளைச் சுவரில் விரிசல் மறையாது. வாங்குகிறவர் பார்க்க வேண்டியதை அவர் பார்த்துவிட்டுத்தான் அச்சாரம் கொடுக்க வேண்டும் என்பார்.

சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பொங்கிக் கொதிக்கும். பக்கத்தில் குழந்தைகளை விடமாட்டோம். ஒரு ராத்திரி ஆறவிட்டு மறுநாள் வடிகட்டுவோம். வேறு ஊரில் பழைய வேட்டியில் வடிகட்டுவார்கள், எங்களுக்குப் பனியன் வேஸ்ட். அந்தத் துணியின் கண் சின்னது, ஒரு குறுநொய்கூட இறங்காது. வஜ்ரப் பசை காய்ச்சி ஊற்றி, ஒரு பிடி உப்பும் கொஞ்சம் நீலமும் சேர்ப்போம். முதல் கோட் மேலிருந்து கீழ், காய்ந்த பிறகு இரண்டாவது கோட் குறுக்கே.

சமையல்கட்டுத்தான் பெரிய பாடு. விறகு அடுப்பின் கரி காரைக்குள்ளேயே இறங்கியிருக்கும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் காய்ந்த பிறகு பழுப்பாக மேலெழுந்து வரும். கரண்டியால் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக்காரை பூசினால்தான் நிற்கும். அந்தச் சுவருக்கு மட்டும் அப்பா தனிக் கூலி கேட்பார். பேரம் பேச மாட்டார்கள், ஏனென்றால் வீடு பார்க்க வருகிற பெண்கள் நேரே அங்கேதான் போவார்கள். அப்புறம் பொடக்காலி. காங்கயம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா அப்பாவிடம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "ஏனுங்க, வீட்டுக்காரரு எது வேணாச் சொல்வாரு. நீங்க இங்க வேலை செய்யறவரு, நீங்க சொல்லுங்க. கெணத்துத் தண்ணி குடிக்கலாமுங்களா?" அப்பா ஒரு வாளி இறைத்து, தானே முதலில் குடித்துவிட்டு, அந்த அம்மாவுக்குச் சொம்பில் கொடுத்தார்.

1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வந்து பனியன் கேட்டதிலிருந்து திருப்பூரின் ஏற்றுமதிக் கணக்கைத் தொடங்குவார்கள். 1981-ல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியத் துணிக்கடை நிறுவனம் வந்தது. எங்கள் தொழிலைத் திருப்பிப் போட்டது அவற்றைவிட 1984-தான் என்பது என் கருத்து. அந்த ஆண்டு பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு பெரிய முதலாளிகள் எல்லாத் தொழிலாளரையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துக்கொள்ளத் தயங்கினார்கள். நிட்டிங் ஓரிடம், கட்டிங் ஓரிடம், பவர் டேபிள் ஓரிடம், காஜா பட்டன் ஓரிடம் என்று வேலை பிரிந்து வெளியே போனது. ஜாப் ஒர்க் எடுத்தவர்களுக்குச் சின்னச் சின்ன இடங்கள் வேண்டியிருந்தன. வீடுகளாகத்தான் கிடைத்தன.

அதிலிருந்து விற்கிறவர்களின் தயாரிப்பு அடியோடு மாறியது. திண்ணையை உடைத்து வீதி மட்டத்துக்கு இறக்கினார்கள், வேன் பின்னால் வந்து நிற்க வேண்டுமே. ஓட்டை இறக்கிக் கான்கிரீட் போட்டார்கள். வட்ட நிட்டிங் மெஷினுக்கு மேலே நூல் கோன் நிற்க உயரம் தேவை, தாழ்ந்த ஓட்டு வீடு அதற்கு உதவாது. ஆசாரத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் போனது. கட்டிங் டேபிளை நீளவாக்கில் போட வேண்டும். தேக்கு நிலையையும் கதவையும் பெயர்த்து விற்றுவிட்டு ஷட்டர் மாட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மின்வாரியத்துக்கு அலைந்து த்ரீ ஃபேஸ் லைன் வாங்கிவைத்தார்கள். லைன் இருக்கிற இடத்துக்கு ஒரு விலை, இல்லாத இடத்துக்கு வேறு விலை. சமையல்கட்டைச் சுரண்டிப் பூசுகிற வேலையே எங்களுக்கு நின்றுபோனது. சமையல்கட்டே இல்லை.

வீட்டை அலங்கரித்து விற்பதை ஒரு தனித் தொழிலாக அமெரிக்காவில் நடத்துகிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் வீடு விற்றுக் கொடுத்துக்கொண்டிருந்த பார்ப் ஷ்வார்ஸ் என்ற பெண்மணி, 1972-ல் தான் இதைத் தொடங்கியதாகச் சொல்கிறார். குடும்பப் படங்களை எடுத்துவிடுவார்கள், சாமான்களைக் குறைப்பார்கள், நல்ல சோபா கொண்டுவந்து போடுவார்கள். வருகிறவர் அங்கே தன் குடும்பத்தை மனதில் குடிவைத்துப் பார்க்க வேண்டும். காதர்பேட்டையில் வருகிறவர் தன் மெஷினைத்தான் வைத்துப் பார்த்தார். அதனால் விற்பதற்கு முன்னால் வீட்டுக்குள்ளிருந்து வீட்டையே எடுத்துவிட்டார்கள். அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பணத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், அவிநாசி சாலைப் பக்கம் காற்றோட்டமான வீடு கட்டிக்கொண்டார்கள். ஆனால் எங்கள் பேட்டையில் 1980-களுக்கு முந்தைய ஒரு முழு வீட்டைக் காட்டச் சொன்னால் காட்டுவதற்கு அநேகமாக ஒன்றும் இல்லை என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஊர் வீங்கிய காலம் அது. 1991 கணக்கெடுப்பில் சுமார் 2.35 லட்சம் பேர் இருந்த நகரம் 2001-ல் சுமார் 3.44 லட்சம் ஆனது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகள் விலைக்கு வந்தபோது தயாரிப்பு வேறு மாதிரி. எல்லாக் கதவுக்கும் ஒரே நிறத்தில் பெயின்ட், எல்லா அறையிலும் குடியிருப்பு. காலி அறை ஒன்று இருந்தாலும் வாடகைக் கணக்கு குறைந்து விலை இறங்கும். கடைக்காரர் வாடகைக்கு இருக்கும் கட்டடத்துக்கோ நேர் எதிர், ஆளைக் கிளப்பினால்தான் விற்க முடியும். 1960-ம் ஆண்டு வாடகைச் சட்டம் இருந்தவரை அது வருஷக்கணக்கில் இழுத்தது. 2019-ல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

தொண்ணூறுகளில் வாஸ்து வந்தது. மனையடி சாஸ்திரம் கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. ஆனால் விற்பதற்காகவே மாடிப்படியை ஈசானி மூலையிலிருந்து பெயர்த்துக் கன்னி மூலைக்கு மாற்றியது அப்போதுதான். அதைப்பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது தண்ணீரைப் பற்றி. நொய்யலில் சாயக்கழிவு ஓடிய ஆண்டுகளில் நகரத்துக் கிணறுகளும் போர்வெல்களும் உப்பேறின. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் இடமானது. உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வரலாறு எல்லோருக்கும் தெரியும். சுவருக்குள் நடந்தது பெயின்டருக்குத்தான் தெரியும். அந்த உப்புத் தண்ணீரில் கலவை குழைத்துக் கட்டிய சுவர்கள் ஒவ்வொரு மழைக்கும் உப்புப் பூத்தன. பெயின்ட் கொப்புளித்து, விரலால் தொட்டால் மாவாக உதிரும். இந்த மாதிரிச் சுவருக்கு மேல் பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்து, மாசி பங்குனியில் பார்ட்டியைக் கூட்டிவந்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். ஐப்பசி மழை வந்ததும் வாங்கினவர் தலையில் கை வைப்பார்.

கண்ணுக்குத் தெரியாத குறையை, விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால் வாங்குகிறவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. பத்திரம் எழுதுகிற ஒரு பெரியவர் எனக்கு இதைப் படித்துக் காட்டினார். அன்றிலிருந்து உப்புப் பூத்த சுவரில் நேரே பட்டி வைக்க நான் ஒத்துக்கொள்வதில்லை. பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும், செங்கல் காய வேண்டும், நல்ல தண்ணீரில் குழைத்துப் பூச வேண்டும். முடியாதென்றால் வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன். வேறு ஆளைப் பார்த்துக்கொண்டவர்கள் உண்டு, சொன்னபடி செய்தவர்களும் உண்டு.

நிட்டிங் ஓடிய கட்டடத்தை மறுபடி விற்பனைக்குத் தயார் செய்வது இன்னொரு வித்தை. கம்பெனிகள் பெரிய இடம் தேடிப் புறநகருக்குப் போன பிறகு அந்த வேலைதான் எங்களுக்கு அதிகம். முதலில் பஞ்சு. மின்விசிறி இறக்கை, ஜன்னல் கம்பி, வயர் மேலெல்லாம் ஒட்டடைபோல் தொங்கும். அதைத் தட்டாமல் பிரஷ் வைத்தால் சுவர் முழுக்க மயிர் முளைத்ததுபோல் ஆகிவிடும். அடுத்தது எண்ணெய். மெஷின் நின்ற இடத்தில் தரையும் சுவரின் அடிப்பாகமும் எண்ணெய் குடித்திருக்கும். சோடாத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, ப்ரைமர் அடித்த பிறகுதான் பெயின்ட். கடைசியில் சுவரைத் துடைப்பதற்கும் பனியன் வேஸ்ட்டேதான்.

அப்புறம் காகிதம். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, தீர்வை கட்டிய ரசீது, இவை தயாராக இல்லாத வீட்டுக்கு எத்தனை அழகாகப் பெயின்ட் அடித்தாலும் இன்று ஆள் நிற்பதில்லை. 2017-ல் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக ஏற்றியது. 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திரும்பி, பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாக்கியது. இந்த இரண்டு தேதிகளை ஒட்டியும் எங்களுக்கு நெருக்கடி. மதிப்பும் கட்டணமும் மாறுவதற்குள் பதிந்துவிட வேண்டுமென்று ராத்திரியில் பல்ப் போட்டுப் பெயின்ட் அடித்திருக்கிறோம்.

2023 ஜூனில் காதர்பேட்டைக் கடைவீதியில் தீப்பிடித்துச் சுமார் 50 பனியன் கடைகள் எரிந்துபோயின. அதன்பிறகு பார்க்க வருகிறவர்கள் சுவரை விட்டுவிட்டு மீட்டர் பெட்டியைத் திறக்கச் சொல்கிறார்கள். சந்தின் அகலம் கேட்கிறார்கள், தீயணைப்பு வண்டி உள்ளே வருமா என்கிறார்கள். சரியான கேள்விகள். விற்கிறவர்களிடம் நான் இப்போது முதலில் வயரிங்கை மாற்றச் சொல்கிறேன்.

இங்கே ஒரு சந்துக்குள் ஓட்டு வீடு ஒன்று இன்னும் நிற்கிறது. ஆசாரம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, அப்பா பூசிய சமையல்கட்டுச் சுவர் இருக்கிறது. வாரிசுகள் விற்க முடிவு செய்திருக்கிறார்கள். ஓட்டை இறக்கித் தரைமட்டமாக்கிக் காலி மனையாகக் காட்டினால் சுலபமாகப் போகும் என்று ஒருவர் சொல்கிறார். வேண்டாம் என்று நான் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பேட்டையில் வாங்குகிறவர் கொடுப்பது மண்ணின் விலை, இடிக்கிற செலவை நீங்கள் ஏன் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். உடைந்த ஓடுகளை மாற்றித் தருகிறேன், கிணற்றைத் தூர் வார ஆள் பிடித்துத் தருகிறேன், சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன், வீட்டை வீடாகவே ஒருமுறை காட்டிப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். மூத்தவர் சம்மதித்துவிட்டார். இளையவர் தீபாவளி வரைக்கும் பார்க்கலாம் என்றிருக்கிறார். சுண்ணாம்புக் கல்லுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.