சாயவேர்

பருத்தித் துணிக்குச் சிவப்பேற்றிய வேர். இதைத் தரும் சிறு செடியைச் சித்த மருத்துவம் இம்பூறல் என்கிறது. சோழமண்டலக் கரையிலும் வட இலங்கையின் யாழ்ப்பாணம், மன்னார் மணல்வெளிகளிலும் தானாக முளைக்கும். சாயம் இருப்பது வேர்ப்பட்டையில். அதன் பெயர் அலிசரின். சிப்பித்தூள் கலந்த மணலில் வளர்ந்த வேருக்கு மதிப்பு அதிகம். மண்ணின் சுண்ணாம்புச் சத்து சிவப்பைத் தெளிவாக்கியது.

வேர் மட்டும் துணியைச் சிவப்பாக்கிவிடாது. வெளுத்த துணியை முதலில் கடுக்காய் கரைத்த எருமைப்பாலில் தோய்த்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தை இழையோடு பிணைக்கும். பாலின் கொழுப்பு கோடு கசியாமல் காக்கும். பிறகு படிகார நீரால் பூ எழுதுவார்கள். நிறமற்ற அந்த நீர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று சிறிது பதங்கச் சாயம் கலப்பதுண்டு. வேர் கொதிக்கும் அண்டாவில் துணி இறங்கியதும் படிகாரம் தொட்ட இடமெல்லாம் செக்கச்செவேலென்று எழும்பும். மற்ற இடங்களில் படியும் மங்கல் சாயத்தைச் சாணநீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்துப் போக்குவார்கள். பூ மட்டும் நிற்கும். கைப்பக்குவத்துக்குள் இத்தனை வேதியியல் ஒளிந்திருந்தது பெரும் வியப்பு.

17ஆம் நூற்றாண்டில் இத்துணிகளுக்காகவே டச்சுக்காரர் பழவேற்காட்டிலும் ஆங்கிலேயர் சென்னையிலும் போட்டியிட்டனர். தன் நெசவாளர் பிழைப்புக்கு அஞ்சிய பிரான்சு, 1686இல் இவற்றுக்குத் தடை விதித்தது. 1759 வரை அது நீடித்தது. தடைக்காலத்திலேயே, 1742இல், தென்னிந்தியாவில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்து, சாயக்காரர்களிடம் கேட்டறிந்த செய்முறையைக் கடிதமாக எழுதி அனுப்பினார். நமக்கு எழுத்தில் கிடைக்கும் முக்கியச் சான்றுகளில் ஒன்று அது. சொல்லிக்கொடுத்த கைவினைஞரின் பெயரைத்தான் உலகம் அறியவில்லை.

1868இல் ஜெர்மானியர்களான கிரேபே, லீபர்மன் இருவரும் அலிசரினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர். ஒல்லி வேரைத் தோண்டி, காயவைத்து, இடித்துச் சேர்க்கும் உழைப்பால் மலிவான ஆலைச் சாயத்தோடு போட்டியிட முடியவில்லை. மசூலிப்பட்டினக் கலம்காரித் துணிகளிலும் செயற்கை அலிசரின் புகுந்தது.

ஆனால் கடுக்காய் நிலைத்தது. அதன் துவர்ப்புப் பொருள் துணியில் பாக்டீரியா பெருகுவதைத் தடுப்பதாகவும் புறஊதாக் கதிரை மட்டுப்படுத்துவதாகவும் ஆய்வுகள் காட்டியதால், சாயத்துக்கு முன்தயாரிப்பாக இருந்தது இன்று தனிப் பதனீடாகவும் ஆராயப்படுகிறது. சலவைக்குச் சலவை இக்குணம் குறைவதைத் தடுப்பதில்தான் இப்போது கவனம் குவிந்துள்ளது.