அம்மைப்பாலைச் சுமந்தவர்கள்

புதிய தடுப்பூசி யாருக்கு முதலில் என்று கேட்கும்போது நம் கண் வரிசையின் முகப்பில்தான் நிற்கிறது. பெரியம்மைத் தடுப்பின் வரலாற்றில் அதற்கும் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: மருந்தை அந்த வரிசை வரைக்கும் சுமந்து வந்தது யார்?

பசு அம்மையைக் கொண்டு 1796இல் செய்த சோதனையை எட்வர்ட் ஜென்னர் 1798இல் நூலாக வெளியிட்டார். ஐரோப்பாவுக்குள் முறை வேகமாகப் பரவியது. கடல் கடப்பதுதான் பெரும்பாடாயிற்று. நூலிழையில் தோய்த்து உலர்த்தி அனுப்பிய அம்மைப்பால் நெடும்பயணத்தில், வெயிலில் வீரியம் இழந்தது. அது கெடாமல் இருந்த பாத்திரம் குழந்தையின் கை. குத்திய எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் முதிரும். அதைக் கீறி எடுத்த நீரை அடுத்த குழந்தைக்குக் குத்த வேண்டும். இடையில் ஒரு கண்ணி அறுந்தால் மருந்தே இல்லை.

பாக்தாத், பஸ்ரா வழியாக வந்த சங்கிலி 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுச் சிறுமியின் கையில் பற்றியது. அங்கிருந்துதான் சென்னை மாகாணம் வரை நீண்டது. ஸ்பெயின் இதை அரசு ஏற்பாடாகவே செய்தது: 1803 நவம்பரில் லா கொருன்யா துறைமுகத்திலிருந்து மருத்துவர் பால்மிஸ் தலைமையில் கிளம்பிய கப்பலில் 22 சிறுவர்கள். பெரும்பாலோர் அநாதை விடுதிப் பிள்ளைகள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஆளில்லை. இருவர் இருவராகக் குத்தப்பட்டே அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள்.

இந்தியாவில் மறுத்தவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். அம்மை என்றால் மாரியம்மன் வந்திருக்கிறாள் என்ற நம்பிக்கை இருந்தது உண்மைதான். முகம் தெரியாத பிள்ளையின் கொப்புள நீரைத் தன் பிள்ளைக்கு ஏற்றத் தயங்கியதில் சாதிக் கூச்சமும் கலந்திருந்தது. அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அச்சம் முழுக்க வெற்று அச்சமல்ல. 1861இல் இத்தாலியின் ரிவால்தாவில் இம்முறையில் குத்தப்பட்ட குழந்தைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு மேகநோய் (சிபிலிஸ்) தொற்றியது.

பிறகு அம்மைப்பாலை வளர்க்கும் சுமை கன்றுக்குட்டிகளுக்கு மாறியது. கையிலிருந்து கைக்குக் குத்துவதை பிரிட்டன் 1898இல் தடைசெய்தது. மறு ஆண்டு கிண்டியில் அம்மைப்பால் நிலையம் எழுந்தது. பின்னாளைய கிங் இன்ஸ்டிடியூட் அதுவே. வெயிலோ விடவில்லை. 1950களில் லெஸ்லி காலியர் உறையவைத்து உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்திய பிறகே தொலைதூர ஊர்களுக்கும் கெடாத மருந்து கிட்டியது.

மருந்து போய்ச் சேர்ந்தும் பங்கீடு நேராகவில்லை. அம்மை குத்துபவர் எண்ணிக்கை காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாகக் கிடைப்பார்கள். ஏற்கெனவே தழும்பேறிய கைகளிலேயே மறுபடியும் குத்துவது எளிது. நாடோடிகளும் பிச்சைக்காரர்களும் பிழைப்புக்கு ஊர் மாறுகிறவர்களும் கணக்குக்குள் வரவில்லை.

1967இல் உலக சுகாதார நிறுவனம் தீவிரத் திட்டத்தைத் தொடங்கிய பின் முறை தலைகீழானது. தலைகளை எண்ணுவதை விட்டு நோயாளியைத் தேடி, அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு முதலில் குத்தினார்கள். 1974இல் பீகாரில் பெருவாரியாக நோய் பரவியபோது ஊழியர்கள், அம்மை வார்த்த குழந்தையின் படம் போட்ட அட்டையை வீடுவீடாக நீட்டி, "இப்படி யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்கள். துப்புச் சொன்னவருக்குப் பரிசுத்தொகை 1000 ரூபாய் வரை ஏறியது. 1975இல் இந்தியாவின் கடைசி நோயாளி பதிவான பிறகும் அந்த அட்டை வீடுவீடாகப் போய்க்கொண்டுதான் இருந்தது.