19 பெட்டிகளில் வந்த யந்திரம்

1835ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் பவேரியா ராஜ்யத்து நூரெம்பர்க் நகரத்துக்கு 19 மரப்பெட்டிகள் வந்து சேர்ந்தன. இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில், ராபர்ட் ஸ்டீபன்ஸன் தொழிற்சாலையில் செய்து, பாகம் பாகமாகப் பிரித்துக் கட்டப்பட்டு, கடல் கடந்து ராட்டர்டாமுக்கும், ரைன் நதி வழியே கொலோனுக்கும், அங்கிருந்து பாரவண்டிகளிலுமாகப் பிரயாணம் செய்த அந்தச் சரக்குதான், டிசம்பர் 7ஆம் தேதி ஃபூர்த் வரையில் ஆறு கிலோமீட்டர் தூரம் ஓடி, ஜெர்மனியில் நீராவி ரயிலைத் தொடங்கிவைத்த 'ஆட்லர்'.

யந்திரத்தோடு ஒரு மனிதரும் வந்தார். வியாபாரக் கணக்கில் ஏறாத சரக்கு அவர்தாம். வில்லியம் வில்ஸன் என்ற அந்த ஆங்கிலேயர், ஸ்பேத் என்பவரின் பட்டறையில் உள்ளூர்த் தொழிலாளிகளைக் கூட வைத்துக்கொண்டு பாகங்களைப் பொருத்தி, தாமே ஓட்டியும் காட்டி, சில மாதங்களுக்கென்று வந்தவர் 1862இல் காலமாகும் வரையில் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். ரயில் கம்பெனியின் டைரக்டரைக் காட்டிலும் அவருக்குச் சம்பளம் அதிகம். நிலக்கரியோ ஸாக்ஸனியிலிருந்து வரவேண்டியிருந்தது. அதன் விலைக்கு அஞ்சி, பெரும்பாலான நடைகளுக்குக் குதிரைகளையே பூட்டினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விலைக்கு வாங்கியதைப் பிரித்துப் பார்த்துத் தாமே செய்துவிடும் துணிவு பெர்லினில் பலித்தது. தச்சராயிருந்து தொழில் கல்லூரியில் பயின்ற ஆகஸ்ட் போர்ஸிக், 1837இல் ஒரு வார்ப்படச் சாலையை நிறுவி, பிலடெல்பியாவின் நோரிஸ் யந்திரத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தமது திருத்தங்களையும் சேர்த்து, 1841இல் முதல் ரயில் எஞ்சினை வெளியிட்டார். அது யூட்டர்போக் வரையிலான பந்தயத்தில் ஸ்டீபன்ஸனின் எஞ்சினைப் பத்து நிமிஷம் முந்தியது. 1858இல் அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஆயிரமாவது எஞ்சின் வெளிவந்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1856 ஜூலை முதல் தேதி, நம் ராயபுரத்திலிருந்தும் ரயில் புறப்பட்டது. அந்த வருஷமே பெரம்பூரில் பட்டறையும் எழுந்தது. கைத்திறன் படைத்த கொல்லர்களுக்கும் தச்சர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆனால் எதை எங்கே வாங்குவது என்ற தீர்மானம் நம்மிடம் இருக்கவில்லை. பழுதுபார்க்கும் வேலை பெரும்பாலும் இங்கும், புது எஞ்சின்களுக்கான ஆர்டர் பெரும்பாலும் இங்கிலாந்துக்குமாகப் பல தசாப்தங்கள் கழிந்தன. சித்தரஞ்சன் தொழிற்சாலை எஞ்சின் உற்பத்தியைத் தொடங்கியது 1950இல்.