சுருங்கையும் பொழியும்: திருவனந்தபுரத்து வெள்ளம் கடலுக்குப் போகும் வழி

திருவனந்தபுரத்தில் கிள்ளியாற்றை ஒட்டி அமைந்த பழைய ஊர் வலியசாலை. நீண்ட அக்கிரகாரத் தெருவும் சிவன் கோயிலும் கொண்ட இவ்வூரையே சோழர் மெய்க்கீர்த்திகள் கூறும் காந்தளூர்ச் சாலையாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சாலையின் புகழைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஊரை ஒட்டி ஓடும் ஆற்றைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. மழைக்காலத்தில் இவ்வூரார் கவலையோடு பார்ப்பது அந்த ஆற்றின் மட்டத்தைத்தான்.

நெடுமங்காட்டுப் பக்கத்து மலைச்சரிவில் பிறக்கும் கிள்ளியாறு, நகரைக் கடந்து கரமனையாற்றில் சேர்கிறது. கரமனையாறு திருவல்லத்தைத் தாண்டிக் கடலை அடைகிறது. நகரின் நடுப்பகுதிக்கு வடிகால் வேறு. தம்பானூர்த் தாழ்நிலத்தின் நீரை ஆமையிழஞ்சான் ஓடை ஏற்றுக்கொண்டு, பாற்றூர், கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலில் சேர்க்கிறது. அங்கிருந்து வேளியில் அது கடலைத் தொடுகிறது. ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே என இரு வடிகால்களும் திசை பிரிந்தாலும் முடிவு ஒன்றே. இரண்டின் வாயிலிலும் மணல் திட்டு குறுக்கே கிடக்கிறது. கேரளத்தாரும் குமரி மாவட்டத்தாரும் அவ்விடத்தைப் பொழி என்பர்.

பொழி உருவாவதற்குக் காரணம் உண்டு. இக்கரையில் ஏற்றவற்றத்தின் உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. அத்தகைய சிற்றேற்றத்தால் ஆற்றுவாயை அரித்துத் திறந்து வைத்திருக்க இயலாது. அலையோ மணலைக் கொண்டுவந்து குவித்துக்கொண்டே இருக்கும். ஆற்றில் நீர் பெருகினால்தான் திட்டு உடையும். உடையும்வரை பொறுத்திருந்தால் உள்ளே நீர் ஏறித் தாழ்ந்த வீடுகளில் புகும். ஆகவே ஆளிட்டோ எந்திரமிட்டோ பொழியை வெட்டிவிடுவது வழக்கம். மிக முன்னரே வெட்டினால் உப்புநீர் உட்புகும். பிந்தினால் ஊர் மூழ்கும். 2023 அக்டோபர் மழையில் கண்ணம்மூலை, கௌரீசபட்டம் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது, ஓடையின் நிலையோடு சேர்த்து அதன் கடல்வாயின் நிலையும் பேசப்பட்டது.

இத்தகைய கடலோர நகரைக் காக்க, வெள்ளத்தை நிலத்தடி வழியாகத் திருப்பிக் கடலில் விடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. தமிழுக்கு அது புதிதன்று. மண்ணுக்கடியில் நீர் செல்லும் வழிக்குச் சுருங்கை என்னும் சொல் உண்டு. பரிபாடலிலும் சிலப்பதிகாரத்திலும் அது இடம்பெறுகிறது. ஆனால் சுருங்கையைத் தோண்டுவது ஒன்று, அதனைச் சுருங்கையாகவே நிலைநிறுத்துவது வேறொன்று. இவ்வேறுபாட்டைத் திருவிதாங்கூர் வரலாறே மூன்று இடங்களில் காட்டியிருக்கிறது.

முதலாவது வர்க்கலை. திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே செல்லும் நீர்வழிக்கு வர்க்கலைக் குன்றுகள் தடையாக நின்றன. திவான் மாதவராவ் காலத்தில் தொடங்கிய பணியின் பயனாக, செம்புரைக்கல் குன்றுகளைக் குடைந்து இரண்டு சுரங்கங்கள் அமைந்தன. ஒன்றின் நீளம் 924 அடி. மற்றொன்றின் நீளம் 2,364 அடி. 1880-இல் பணி முடிந்ததும் வள்ளங்கள் மலைக்கடியில் சென்றன. அவை வெள்ளத்திற்காக அல்ல, போக்குவரத்திற்காகக் குடையப்பட்டவை. எனினும் நீர்ச்சுரங்கம் எப்படி மூப்படைகிறது என்பதற்கு அவையே சான்று. இருப்புப்பாதையும் சாலையும் வந்தபின் வள்ளங்கள் குறைந்தன. வள்ளங்கள் குறைந்தபின் தூர்வாருவதும் குறைந்தது. மண் சரிந்தும் சேறு படிந்தும் சுரங்கங்கள் பல பத்தாண்டுகள் பயனற்றுக் கிடந்தன. ஆண்டு முழுதும் பயன்பட்ட சுரங்கத்திற்கே இக்கதி. ஆண்டில் சில நாட்கள் மட்டும் தேவைப்படும் வெள்ளச் சுரங்கத்தை, மழையில்லாத மாதங்களில் எவர் நினைவில் வைத்திருப்பார்?

இரண்டாவது தோட்டப்பள்ளி. பம்பை, அச்சன்கோவில், மணிமலை ஆறுகளின் வெள்ளம் குட்டநாட்டில் தேங்கி, வேம்பநாட்டுக் காயல் வழியாக வடக்கே கொச்சிவரை சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. அந்தச் சுற்றைத் தவிர்க்க, ஆலப்புழைக் கரையில் தோட்டப்பள்ளிப் பொழிமுகத்தில் 40 மதகுகள் கொண்ட வெள்ளப்போக்கி 1955-இல் அமைந்தது. வினாடிக்கு 60,000 கன அடிக்கும் மேல் வெளியேற்றும் என்று கணக்கிடப்பட்டது. நடைமுறையில் வெளியேறியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மதகுகளில் குறையில்லை. மதகுக்கு நீரைக் கொண்டுவரும் கால்வாய் போதிய அகலமும் ஆழமும் பெறவில்லை. மதகுக்கு அப்பால் கடல் மணலைக் குவித்தது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கடல்மட்டம் உயர்ந்து நின்று நீரை எதிர்த்தது. 2007-இல் எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வு குட்டநாட்டிற்குப் பரிந்துரைகள் வழங்கியபோது, இந்த வெள்ளப்போக்கியின் திறனை மீட்பதும் அவற்றுள் இடம்பெற்றது. கட்டிமுடித்து 50 ஆண்டுகள் கடந்த பின்னும் அதன் வாயே சிக்கலாக இருந்தது.

மூன்றாவது தம்பானூர். வயலும் சதுப்புமாகக் கிடந்த அத்தாழ்நிலத்திற்கு 1931-இல் இரயில் வந்தது. ஆமையிழஞ்சான் ஓடை நூறு மீட்டருக்கும் மேல் இருப்புப்பாதைகளின் அடியில் செல்லலாயிற்று. வெள்ளத்தைத் திருப்ப எவரும் திட்டமிட்டு அமைத்த சுரங்கமன்று அது. நிலையம் வளர வளர ஓடை மூடப்பட்டுச் சுரங்கமாயிற்று. 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கையிலெடுத்த அரசு, கிழக்கேக்கோட்டை, தம்பானூர்ப் பகுதிகளில் ஓடைகளின்மேல் எழுந்த ஆக்கிரமிப்புகளை அகற்றித் தூர்வாரியது. நீர் வடிந்தது. பின்னர் குப்பை மீண்டும் சேர்ந்தது.

2024 ஜூலை 13 அன்று, அக்குப்பையை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி ஒருவரை, மழையில் பெருகிய நீர் இருப்புப்பாதையின் அடியிலுள்ள சுரங்கத்திற்குள் இழுத்துச் சென்றது. முக்குளிப்போரும் எந்திரமனிதக் கருவிகளும் மலைபோல் அடைந்திருந்த நெகிழிக் குப்பையினூடே தேடினர். 46 மணி நேரத்திற்குப் பின், ஜூலை 15 அன்று, தகரப்பறம்பில் அவரது உடல் கிடைத்தது. அந்தச் சுரங்கத்தைத் தூய்மை செய்யும் பொறுப்பு இரயில்வேக்கா, மாநகராட்சிக்கா, நீர்ப்பாசனத் துறைக்கா என்ற வழக்காடல் அதன்பின் உயர்நீதிமன்றம்வரை சென்றது. ஓர் உயிர் போன பின்பே சுரங்கத்தின் உரிமையாளர் எவர் என்று கேட்கப்பட்டது.

வெள்ளச் சுரங்கம் எங்கும் பயன்தராது என்பது இதன் பொருளன்று. தமிழர் பெருமளவில் வாழும் கோலாலம்பூரில் 2007-இல் திறக்கப்பட்ட ‘ஸ்மார்ட்’ சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளமுடையது. கிள்ளான், அம்பாங் ஆறுகள் சேருமிடத்தருகே வெள்ளத்தை வாங்கி, நகருக்கு அடியில் கொண்டுசென்று, மறுபுறத்தில் விடுகிறது. அதன் இரு முனைகளிலும் நீர்த்தேக்கக் குளங்கள் உள்ளன. மேலைக்குளம் வெள்ளத்தின் முதல் வேகத்தைத் தாங்கும். கீழைக்குளம் ஆறு இடங்கொடுக்கும்வரை நீரைப் பிடித்துவைக்கும். குழாயின் நடுப்பகுதியில் ஊர்திச் சாலையும் செல்வதால், அச்சுரங்கத்தை நாள்தோறும் கண்காணித்தே ஆக வேண்டும். கடும் வெள்ளத்தின்போது சாலையை மூடி, ஊர்திகளை வெளியேற்றிய பிறகே அதனுள் நீர் விடப்படும். அங்கு குளமும் கண்காணிப்பும் குழாயோடு சேர்த்தே திட்டமிடப்பட்டன.

ஆகவே திருவனந்தபுரம் போன்ற கடலோர நகருக்கு வெள்ளச் சுரங்கம் திட்டமிடுவோர் வரைபடத்தைக் கடல்முனையிலிருந்து தொடங்க வேண்டும். பெருமழை நாளில் கடலும் காயலும் எம்மட்டத்தில் நிற்கும், பொழியை எவர், எப்பொழுது வெட்டுவர் என்பது முடிவாகாமல் சுரங்கத்தின் விட்டத்தைக் கணக்கிடுவதில் பயனில்லை. தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் வேண்டும். இரு முனையும் ஒரே மட்டத்தில் நின்றால் எவ்வளவு அகலமான சுரங்கமும் நீர் நிரம்பிய குழாயே. அடுத்து, உள்ளே மண்ணும் குப்பையும் புகாமல் தடுக்கும் வண்டல்குழியும் கம்பித்தடுப்பும், அவற்றைத் தொழிலாளர் நீரில் இறங்காமலே எந்திரத்தால் தூய்மை செய்யும் ஏற்பாடும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஒரே துறை பொறுப்பு என்று முதல் கல் நாட்டுமுன்னரே எழுதிவைக்க வேண்டும். ஆண்டுதோறும் அதற்கெனத் தனி நிதியும் ஒதுக்க வேண்டும்.

வலியசாலைக்கு அருகே கிள்ளியாறு இன்னும் திறந்த ஆறாகவே ஓடுகிறது. அதன் மட்டம் உயர்வதும் தாழ்வதும் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும். அடைப்பு ஏற்பட்டால் அன்றே பேச்சாகும். தம்பானூரில் மண்ணுக்கடியில் போன ஓடைக்கு அந்தக் காவல் இல்லாமற் போயிற்று. புதிய சுருங்கை ஒன்று வெட்டப்படுமாயின், ஊர்க்கண் இழந்த அந்தக் காவலைச் சட்டத்தாலும் பணத்தாலும் ஈடுசெய்ய வேண்டியிருக்கும். அச்செலவு திட்ட மதிப்பீட்டின் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.