‘எனக்கு கணக்கே வராது’... இந்த நினைப்பே மார்க்கைக் குறைக்குமா?

"எனக்கு கணக்கே வராதுப்பா!" இப்படிச் சொல்லும் ஒரு பிள்ளையாவது எல்லா வகுப்பிலும் இருக்கும். சும்மா சொல்றாங்கன்னு விட்டுடுவோம். ஆனால் அந்தப் பேச்சு படிப்பையே பாதிக்கும் என்கிறது உளவியல்.

'இந்த வேலையை என்னால் செய்ய முடியும்' என்ற எண்ணத்துக்கு சுயதிறன் நம்பிக்கை என்று பெயர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் இதை விளக்கினார். 'நான் கெட்டிக்காரன்' என்ற பொதுவான பெருமிதம் வேற, இது வேற. தமிழில் முதல் மார்க் வாங்கும் பிள்ளைக்கே அல்ஜீப்ராவைப் பார்த்ததும் கை நடுங்கலாம்.

சரி, திறமை இருந்தால் போதாதா?

போதாது. ஒரே அளவு கணக்குத் திறன் உள்ள பிள்ளைகளை ஒப்பிட்டு 1982-ல் ஓர் ஆய்வு வந்தது. நம்பிக்கை அதிகம் இருந்தவர்களே அதிக கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள். தப்பான வழி என்று தெரிந்ததும் சட்டென மாற்றினார்கள். தவறிய கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தார்கள்.

அந்த நம்பிக்கை எப்படி வரும்?

பண்டூராவும் டேல் ஷங்க்கும் 1981-ல் வெளியிட்ட ஆய்வு சுவாரஸ்யமானது. கழித்தல் கணக்கில் பின்தங்கிய 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம், தாங்களே படித்துப் போடும்படி 42 பக்கப் பயிற்சியைக் கொடுத்தார்கள். மொத்தம் 7 அமர்வுகள். ஒரு குழுவிடம் 'ஒவ்வொரு முறையும் 6 பக்கம் முடிக்கப் பாருங்க' என்றார்கள். இன்னொரு குழுவிடம் 'கடைசிக்குள்ள 42 பக்கமும் முடிங்க'. கணக்கு என்னவோ ஒண்ணுதான். ஆனால் 6 பக்கக் குழுதான் முந்தியது. கணக்கும் சரியாக வந்தது, நம்பிக்கையும் கூடியது. பிறகு யாரும் சொல்லாமலே கழித்தல் கணக்கை எடுத்துப் போடும் ஆர்வமும் அவர்களிடம்தான் அதிகம்!

'உன்னால முடியும்டா' என்று தட்டிக்கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். கொஞ்சம் உதவும். ஆனால் அடுத்த டெஸ்டில் சொதப்பினால் அந்த வார்த்தை காற்றில் போய்விடும். தானே போட்டு, தானே சரியாக வந்ததைப் பார்ப்பதுதான் வலுவானது என்றார் பண்டூரா. அதற்கு அடுத்து, தன்னைப் போலவே திணறிய பக்கத்து பெஞ்ச் பிள்ளை அதே கணக்கைப் போட்டு முடிப்பதைப் பார்ப்பது. டாப்பர் போடுவதைப் பார்த்தால் அவ்வளவு பலன் இல்லை. 'அவன் போடுவான், அவன் வேற' என்று தோன்றிவிடும்.