நரைக்கு மருதாணி: நபித்தோழர்கள் காட்டிய வழி

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, ரமளான் மாதம். மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் தந்தை அபூகுஹாஃபாவை அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களின் சமூகத்திற்கு வந்தார்கள். அம்முதியவர் தொண்ணூறு வயதை எட்டியிருந்தார், கண்பார்வையையும் இழந்திருந்தார். இந்தப் பெரியவரை வீட்டிலேயே இருக்க விட்டிருந்தால் நாமே அவரிடம் சென்றிருப்போமே என்று நபியவர்கள் கூறினார்கள் என வரலாற்று நூல்கள் அச்சந்திப்பை எடுத்துரைக்கின்றன. அன்று அபூகுஹாஃபா இஸ்லாத்தைத் தழுவினார்.

அவருடைய தலைமுடியும் தாடியும் ‘ஸகாமா’ என்னும் வெண்ணிறச் செடியைப் போன்று முற்றிலும் வெளுத்திருந்தன. இந்த நரையை ஏதேனும் ஒன்றால் மாற்றுங்கள், ஆனால் கறுப்பைத் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்று நபியவர்கள் பணித்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. நரைக்குச் சாயமிடுவது பற்றிப் பேசும் அறிஞர்கள் அனைவரும் இந்நிகழ்ச்சியைத் தொட்டே செல்கின்றனர். தொண்ணூறு வயது முதியவர் தம் வயதை யாரிடமும் மறைக்க வேண்டிய தேவை இல்லை. ஆகவே இங்கே சாயம் இளமை வேடமாக வரவில்லை. முதுமைக்குச் செய்யும் சிறப்பாகவே வந்தது.

மருதாணி அரபு மக்களுக்குப் புதியதன்று. பண்டைய எகிப்தியர்களும் அதனை அறிந்திருந்தனர். அரபு மொழியில் அதன் பெயர் ‘ஹின்னா’. நரையை மாற்றுவதற்குரிய பொருள்களுள் மிகச் சிறந்தவை ஹின்னாவும் ‘கதம்’ என்னும் செடியும் ஆகும் என நபியவர்கள் கூறியதை அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். கதம் யமன் நாட்டுப் பகுதியில் விளைவது. ஹின்னா செந்நிறம் தரும். கதம் அதனுடன் சேரும்போது கருமை கலந்த சிவப்பு உண்டாகும்.

மதீனாவிற்கு நபியவர்கள் ஹிஜ்ரத் செய்து வந்தபோது, உடன்வந்த தோழர்களுள் நரை கலந்த முடியுடையவர் அபூபக்ர் (ரலி) அவர்களே. அவர்கள் ஹின்னாவையும் கதமையும் சேர்த்துப் பூசினார்கள் என்றும், உமர் (ரலி) அவர்கள் ஹின்னாவை மட்டும் பூசினார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். வெண்தாடியுடன் இருந்த அன்ஸாரிப் பெரியவர்களைக் கண்ட நபியவர்கள், சிவப்பாகவோ மஞ்சளாகவோ நிறமிட்டு, வேதக்காரர்களின் வழக்கத்திற்கு மாறுபடுமாறு கூறினார்கள் என்ற அறிவிப்பும் உண்டு.

நபியவர்கள் தாமே சாயமிட்டார்களா? அவர்களின் தலையிலும் தாடியிலும் இருபது வெண்முடிகள்கூட இல்லை, ஆகவே சாயமிடவில்லை என்பது அனஸ் (ரலி) அவர்களின் கூற்று. உம்மு ஸலமா (ரலி) அவர்களோ தம்மிடம் பாதுகாத்து வைத்திருந்த நபியவர்களின் திருமுடியைக் காட்டியபோது, அது செந்நிறமேறி இருந்தது. இரண்டும் புகாரியில் உள்ள செய்திகளே. சில வேளைகளில் சாயமிட்டார்கள், பெரும்பாலும் விட்டுவிட்டார்கள் என இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இவ்விரண்டையும் இணைத்து விளக்குகின்றார்கள்.

தோழர்களுள் அலி (ரலி), உபை இப்னு கஅப் (ரலி) போன்றோர் நரையை அப்படியே விட்டுவிட்டதாகவும் செய்திகள் வந்துள்ளன. சாயமிட்டவர்கள் இடாதவர்களைக் குறை கூறவில்லை. இடாதவர்களும் மற்றவர்களைப் பழிக்கவில்லை. இமாம் தபரி (ரஹ்) அவர்கள் சுட்டிக்காட்டும் இச்செய்தி நம் இல்லங்களுக்கு மிகவும் தேவையானது. தாயோ தந்தையோ நரையுடன் இருக்க விரும்பினால் அதைக் கேலி செய்வதும், மருதாணியிட்டுக்கொண்டால் ‘இந்த வயதில் எதற்கு?’ என்று கேட்பதும் அத்தோழர்களின் பண்பிற்குப் பொருந்தாது.

கறுப்புச் சாயத்தைப் பொறுத்தவரை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது கூடாது என்பதே சரியான கருத்து என இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபின் நிலையை எழுதியுள்ளார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ அதனை மக்ரூஹ் என்றார்கள். போர்க்களத்தில் நிற்பவருக்கு விலக்களித்தவர்களும் உண்டு. வயதை மறைத்து மற்றவரை ஏமாற்றும் நோக்கம் கண்டிக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை.

மருதாணி இலையில் ‘லாசோன்’ என்னும் செந்நிறப் பொருள் உள்ளது. முடியிலுள்ள புரதத்துடன் அது பிணைந்துவிடுவதால் நிறம் எளிதில் நீங்குவதில்லை. முடியின்மீது நீர் புகாத தனிப்படலம் எதுவும் படிவதில்லை. ஆதலால் அரைத்த விழுதை நன்கு கழுவிய பின், எஞ்சியிருக்கும் நிறம் உளூவிற்கோ கடமையான குளிப்பிற்கோ தடையாவதில்லை.

நம் நாட்டில் கதமின் இடத்தை அவுரி இலை நிரப்புகின்றது. மருதாணித் தூளையும் அவுரித் தூளையும் கலந்து பூசினால் பழுப்பு நிறம் கிடைக்கும். முதலில் மருதாணியிட்டுக் கழுவி, அதன்மேல் அவுரியைத் தனியே பூசினால் நிறம் ஏறக்குறைய முழுக் கறுப்பாகிவிடும். கறுப்பைத் தவிர்க்க விரும்புவோர் முதல் முறையைக் கைக்கொள்ளலாம்.

கடைகளில் ‘கறுப்பு மருதாணி’ என விற்கப்படுபவற்றில் எச்சரிக்கை தேவை. மருதாணி இலை தனித்து ஒருபோதும் கறுப்பு நிறம் தராது. நிறம் பிடிக்கவும் சில மணி நேரமாகும். சில நிமிடங்களில் கறுக்கும் தூள்களில் பெரும்பாலும் ‘பாரா ஃபினைலின் டையமின்’ என்னும் இரசாயனம் கலந்திருக்கும். அது சிலருக்குக் கடும் அரிப்பையும் கொப்புளங்களையும் முகவீக்கத்தையும் உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் அது வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும். எனவே பொட்டலத்தில் அச்சிட்டுள்ள பொருள்களைப் படித்து வாங்க வேண்டும். எந்தத் தூளானாலும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, இரண்டு நாள் பார்த்த பின்னரே தலையில் இடுவது நலம். கொல்லையில் மருதாணிச் செடி உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

நரை முஸ்லிமின் ஒளி, அதனைப் பிடுங்காதீர்கள் என்பதும் நபிமொழியே. பிடுங்குவது அந்த ஒளியைப் போக்குவது. மருதாணியிடுவது அதற்கு அழகு சேர்ப்பது. வீட்டிலுள்ள முதியவரின் தலைக்கு மருதாணி அரைத்துக் கொடுக்கும் பிள்ளைகள், பார்வையிழந்த தந்தையைக் கைப்பிடித்து அழைத்துவந்த அபூபக்ர் (ரலி) அவர்களின் வழியில் நடப்பவர்களே. அப்பணிவிடையை நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் அல்லாஹ் எளிதாக்கி வைப்பானாக! ஆமீன்.